குளியலறைத் தரையும் ஒரு கணக்குப் பாடமும்



தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கையிலேயே நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். சமையலறையை உடைத்துக் கட்டலாமா, குளியலறைத் தரையை மாற்றலாமா என்பதே அது. ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுத்தான். எந்தக் கடையில் டைல்ஸ் மலிவு, எந்த நிறம் கண்ணுக்கு நிறைவு, சதுர அடி எத்தனை ரிங்கிட் என்று என்னிடமும் கேட்கிறார்கள். ஆனால், தண்ணீர் பட்டால் அது வழுக்குமா என்று கேட்டவரை நான் இன்னும் கண்டதில்லை. ஒரு காலத்தில் நானும் கேட்கவில்லை. அதனால் என் குடும்பத்திற்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். மாணவர் கட்டுரையில் 'டைல்ஸ்' என்று இருந்தால் நான் 'தரை ஓடு' என்று திருத்துவது வழக்கம். சுவரில் பதித்தால் 'சுவர் ஓடு' என்பேன். ஒருமுறை ஒரு மாணவி, "அப்படின்னா கூரையில இருக்கறது என்னங்க ஐயா?" என்று கேட்டு என்னை மடக்கினாள். அதுவும் ஓடுதான். இக்கட்டுரையில் ஓடு என்று நான் எழுதுவதெல்லாம் டைல்ஸையே குறிக்கும் என்று கொள்க.

2003ஆம் ஆண்டில் ஜொகூரில் ஓர் இரட்டை மாடித் தொடர்வீட்டை வாங்கினோம். மேம்பாட்டாளர் பதித்துக் கொடுத்த குளியலறை ஓடுகள் சிறியவை, சொரசொரப்பானவை, சாயம் போன துணியின் நிறத்தவை. 2011இல் மூத்த மகளின் திருமணம் வந்தது. விருந்தினர் வருவார்களே என்று வீட்டைப் புதுப்பிக்க முனைந்தோம். ஒரு குத்தகையாளர் வந்து பார்த்தார். பழைய ஓட்டை உடைக்கவே வேண்டாம், அதன் மேலேயே புதியதைப் பதித்துவிடலாம், தூசியும் இல்லை, செலவும் குறைவு என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. 60க்கு 60 செண்டிமீட்டர் அளவில், கண்ணாடிபோல் மெருகேற்றிய வெண்ணிறப் போர்சலின் ஓட்டைத் தேர்ந்தெடுத்தேன். சமையலறையில் தொடங்கிக் கீழ்மாடிக் குளியலறை, மேல்மாடிக் குளியலறை வரை எங்கும் அதே ஓடு. வீடு ஒரு தங்கும் விடுதிபோல் மின்னியது. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

என் தாயார் மட்டும் புகழவில்லை. தோட்டத்து லயத்தில் சிமெண்டுத் தரையில் வாழ்ந்து பழகியவர் அவர். குளியலறை வாசலில் நின்று ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏன்யா, தரை இப்படிப் பளபளங்குதே, தண்ணி பட்டா வழுக்காதா?" என்று கேட்டார். "பழகிடும்மா" என்றேன்.

திருமணம் முடிந்து எட்டாம் மாதம், ஒரு விடியற்காலையில், அந்தக் குளியலறையில் அவர் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் நடைச்சட்டத்தைப் பிடிக்காமல் ஓர் அடியும் எடுத்து வைத்ததில்லை. யார் வந்து விசாரித்தாலும், "தரை ஈரமா இருந்துச்சு, நாந்தான் பாக்கல" என்றே சொல்வார். ஓட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அதே ஆண்டில்தான் சமையலறை உட்கூரையில் தேநீர்க் கறைபோல் ஒரு வட்டம் தோன்றியது. மேல்மாடிக் குளியலறையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. குத்தகையாளரை அழைத்தேன். இருமுறை வந்து ஓட்டு இடுக்குகளில் வெள்ளைப் பூச்சைத் தேய்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை தொலைபேசியை எடுக்கவில்லை.

இனிக் கணக்குப் பாடத்திற்கு வருகிறேன். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பரப்பளவு கற்பித்துக்கொண்டிருந்தேன். 1.6 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் நீளமும் உள்ள ஒரு குளியலறைக்கு 30 செண்டிமீட்டர் சதுர ஓடுகள் எத்தனை தேவை என்று கரும்பலகையில் எழுதினேன். தரையின் பரப்பு 35,200 சதுர செண்டிமீட்டர். ஓட்டின் பரப்பு 900. வகுத்தால் 39.1, ஆகவே 40 ஓடுகள். வகுப்பே சரியாகச் செய்தது. பின்வரிசையில் ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "ஐயா, பத்தாது. எங்கப்பா டைல்ஸ் போடுறவரு. 40 வாங்குனா மறுபடியும் கடைக்குப் போவணும்" என்றான். பாடநூல் விடை 40தான் என்று அவனை அமர்த்திவிட்டேன்.

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளன்று அவனுடைய தந்தையார் வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை வாங்கிக் கோடு போட்டுக் காட்டினார். 1.6 மீட்டர் அகலத்தில் 5 முழு ஓடுகளும் 10 செண்டிமீட்டர்த் துண்டு ஒன்றும் வரும். அப்படிப் பதித்தால் ஒரு பக்கச் சுவரோரம் மட்டும் மெல்லிய பட்டையாக அசிங்கமாகத் தெரியும். ஆகவே நல்ல வேலையாள் ஒரு முழு ஓட்டைக் குறைத்துக்கொண்டு, இரு ஓரங்களிலும் 20 செண்டிமீட்டர்த் துண்டுகளை வைப்பார். நீளவாக்கிலும் அவ்வாறே. இப்போது அகலத்தில் 6, நீளத்தில் 8, ஆக 48. வெட்டி எடுத்த 10 செண்டிமீட்டர்த் துண்டுகள் எங்கும் பயன்படா. இந்த அளவு ஓடு பெரும்பாலும் பெட்டிக்கு 11 வரும். என் பாடநூல் கணக்குப்படி 4 பெட்டி வாங்கினால் கையில் 44தான் இருக்கும். மறுநாள் கடைக்குப் போனால் அதே சூளைத்தொகுதி தீர்ந்திருக்கும். நிறம் ஒரு மாற்றுக் குறைந்த ஓடுதான் கிடைக்கும்.

இருபது ஆண்டு கணக்குப் பாடம் நடத்திய எனக்கு அன்றைக்குத்தான் அப்பாடம் முழுமையாகப் புரிந்தது. அவரையே வீட்டுக்கு அழைத்தேன்.

அவர் வந்ததும் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். "கேளுங்க சார். இது நெறஞ்ச சத்தம். இது காலிச் சத்தம்" என்றார். பத்தில் ஆறு ஓடுகள் காலியாக ஒலித்தன. ஓர் ஓட்டைப் பெயர்த்துக் காட்டினார். பின்புறம் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைச் சிமெண்டு. மற்ற இடமெல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் நாற்றமடிக்கும் நீர் தேங்கி நின்றது.

நாம் பலரும் செய்யும் பிழை, ஓடுதான் தண்ணீரைத் தடுக்கிறது என்று நம்புவது. போர்சலின் ஓடு நீரை உறிஞ்சாது என்பது உண்மை. அதன் உறிஞ்சும் அளவு எடையில் 0.5 விழுக்காட்டிற்கு மேற்படாது. ஆனால் ஓடுகளுக்கு இடையே பூசும் சிமெண்டுப் பூச்சின் வழியே நீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவே செய்யும். அதைத் தடுத்து நிறுத்துவது ஓட்டிற்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும் நீர்க்காப்புப் பூச்சு. எங்கள் மேல்மாடியில் அந்தப் பழைய பூச்சு எப்போதோ வெடித்திருந்தது. ஓட்டின்மேல் ஓடு பதித்ததால் நோய் மறைந்ததே தவிரத் தீரவில்லை. தரையின் உயரம் கூடிக் கதவின் அடியை அறுக்க வேண்டியதானது வேறு.

இரண்டு அடுக்கு ஓடுகளையும் உடைத்தெடுத்தோம். 2013ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் அந்த வேலை நடந்தது. விடுமுறையாதலால் நானும் அருகிலேயே இருந்து பார்த்தேன். முதலில் தளக்காரையை வாட்டம் பார்த்துப் போட்டார். நீர்ப்போக்கி வாயை நோக்கி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சரிவு. நம் நாட்டில் நாம் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள். குளியலறை முழுவதும் நனையும். வாட்டம் சரியில்லை என்றால் ஏதாவதொரு மூலையில் நீர் நிற்கும், அங்கே பாசி பிடிக்கும், எவ்வளவு சொரசொரப்பான ஓடும் அங்கே வழுக்கும். பெரிய ஓடுகள் குளியலறைத் தரைக்கு ஏன் பொருந்தா என்பதும் அப்போதுதான் விளங்கியது. நான்கு பக்கமும் ஒரு வாயை நோக்கிச் சரிய வேண்டிய தரையில் 60 செண்டிமீட்டர் ஓடு மடங்காது. சிறிய ஓடுகள் சரிவோடு இணங்கிப் போகும். இடுக்குகள் அதிகமாதலால் பாதத்திற்குப் பிடிப்பும் கிடைக்கும்.

பிறகு நீர்க்காப்புப் பூச்சு. முதற்பூச்சுக் கிழக்கு மேற்காக என்றால், அது காய்ந்தபின் இரண்டாம் பூச்சு வடக்குத் தெற்காக. தரையும் சுவரும் சேரும் மூலைகளை வளைவாகப் பூசி, சுவரில் ஒரு சாண் உயரத்திற்காவது ஏற்ற வேண்டும். குளிக்கும் இடத்தில் தலைக்கு மேல், 1.8 மீட்டர் வரை ஏற்றினார். எல்லாம் காய்ந்தபின் நீர்ப்போக்கி வாயை அடைத்து ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நிரப்பி, 24 மணி நேரம் அப்படியே விட்டார். நான் கீழே சமையலறையில் நாற்காலி போட்டு உட்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் துணைவியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றிரவு ஒரு சொட்டும் விழவில்லை.

பெற்றோர்களே, இந்தச் சோதனையைத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். ஒருநாள் வேலை நின்றுபோகும் என்பதே காரணம். ஒப்பந்தத் தாளில் 'ஓடு பதிப்பதற்குமுன் 24 மணி நேர நீர்ச்சோதனை' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவ்வரியை எழுத மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள் என்பதே என் திடமான கருத்து.

ஓட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நிறம் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வழுக்காத் தன்மையின் தர எண். எண்ணெய் தடவிய பலகையில் ஒருவரை நடக்கவிட்டு, பலகையைச் சரித்துக்கொண்டே போய், எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று அளந்து தரும் எண் அது. ஜெர்மானியர் வகுத்த முறை. ஆர் 9 என்பது அதன் கடைசிப் படி. 6 முதல் 10 பாகைச் சாய்விலேயே வழுக்கிவிடும். ஆர் 10 என்றால் 19 பாகை வரை, ஆர் 11 என்றால் 27 பாகை வரை தாங்கும். சமையலறைக்கு ஆர் 10, குளியலறைக்கு ஆர் 11 என்று நான் வைத்துக்கொண்டேன். இந்த எண் விற்பனையாளர் வைத்திருக்கும் விவரத்தாளில் இருக்கும். அவருக்குத் தெரியவில்லையென்றால், ஒரு புட்டி நீரை ஓட்டின்மேல் ஊற்றி, காலணியைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் பின்னர் அதைத்தான் செய்தேன். என் தாயார் வாசலில் நின்று காலால் தேய்த்துப் பார்த்ததும் அதே சோதனைதானே!

மெருகேற்றிய ஓடும் சொரசொரப்பான ஓடும் நான் போன கடையில் ஏறக்குறைய ஒரே விலைதான். கழுவுவதற்குச் சற்றுச் சிரமம் என்பதை மறைக்கவில்லை. வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்க்க வேண்டும். அதுவும் நடைச்சட்டத்தைப் பிடித்து நடப்பதைவிட எளிது.

இன்னொன்று: சுவர் ஓட்டைத் தரையில் பதிக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் வாங்கிவிடுகிறார்கள். சுவருக்கான பீங்கான் ஓடு எடையில் பத்து விழுக்காட்டிற்குமேல் நீரை உறிஞ்சும் வகை, மெல்லியது, நடமாட்டத்தைத் தாங்காது. அதேபோல், போர்சலின் ஓட்டை வெறும் சிமெண்டுக் கலவையில் பதித்தால் சரியாக ஒட்டாது. உறிஞ்சாத பொருளில் சிமெண்டு எப்படிப் பிடிக்கும்? அதற்கென்று உள்ள ஒட்டுக்காரை, பையில் 'சி2' என்று குறிக்கப்பட்டது, வாங்க வேண்டும். அதைப் பற்கள் உள்ள கரண்டியால் தரை முழுவதும் வரிவரியாக இழுத்து, ஓட்டின் பின்புறமும் தடவி அமுக்கினால்தான் வெற்றிடம் இராது. பதித்த மறுவாரம் நீங்களே சாவியால் தட்டிப் பாருங்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பது அதற்குப் பிறகு.

ஓடுகளை இடைவெளியின்றி ஒட்டி ஒட்டிப் பதிப்பது இப்போது அழகாகக் கருதப்படுகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். வெப்பத்திலும் குளிரிலும் தளம் விரியும், சுருங்கும். 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் சில நாள் குளிர் வாட்டியபோது பல அடுக்குமாடி வீடுகளில் தரை ஓடுகள் படபடவென்று வெடித்துக் கூரைபோல் எழும்பி நின்றன. அங்குள்ள என் தங்கை, வெடிச்சத்தம் கேட்டு எரிவாயுத் தோம்பு வெடித்துவிட்டதாக அஞ்சி வீட்டைவிட்டே வெளியே ஓடினாள்.

சமையலறையைப் பற்றிச் சில சொற்கள். நம் தாமான்களில் பின்புறம் நீட்டிக் கட்டிய சமையலறைகளே அதிகம். பழைய வீடு ஓர் அடித்தளத்தில் நிற்கிறது. நீட்டிய பகுதி வேறோர் அடித்தளத்தில் நிற்கிறது. இரண்டும் ஒரே அளவில் மண்ணில் இறங்குவதில்லை. இரண்டும் சேரும் கோட்டின்மேல் ஓட்டைக் குறுக்கே பதித்தால், ஓரிரு ஆண்டில் அதே கோட்டில் ஓடு பிளக்கும். எத்தனை முறை மாற்றினாலும் மீண்டும் பிளக்கும். அந்தக் கோட்டிலேயே ஓட்டின் விளிம்பு வருமாறு அமைத்து, அங்கே சிமெண்டுக்கு மாற்றாக நெகிழும் சிலிக்கோன் நிரப்பச் சொல்லுங்கள். நீட்டிக் கட்டுவதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறவாதீர்.

நம் சமையலில் மஞ்சள் உண்டு, தாளிப்பு உண்டு. வெள்ளை இடுக்குப் பூச்சு ஒரு பொங்கலைக்கூடத் தாங்காது. சாம்பல் நிறம் நல்லது. அடுப்பின் பின்சுவரில் மட்டும் எப்பாக்சிப் பூச்சுக்குச் செலவழிக்கலாம். பளபளப்பான ஓட்டின் மீது ஆசை தீரவில்லை என்றால் அதை அந்தச் சுவரில் பதியுங்கள். எண்ணெய் எளிதில் துடைபடும். சுவரில் யாரும் நடப்பதில்லை!

வேலை முடிந்தபின் சிமெண்டுக் கறையை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கழுவுவார்கள். இடுக்குப் பூச்சையே அது அரித்துவிடும். அந்த ஈரம் இருக்கும்போதே நாம் வெளுப்பு நீரை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சிறுபிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டில் இவ்விரண்டும் ஒருநாளும் கலக்கக் கூடாது.

நமக்குள்ள உரிமைகளையும் அறிந்திருப்பது நன்று. மேம்பாட்டாளரிடம் வாங்கிய புதுவீடு என்றால் சாவி பெற்றதிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டும். அதற்குள் நாமே குளியலறையை உடைத்துவிட்டால், குறை யாருடையது என்று அவர் வாதிட வழி கொடுத்தவர்களாவோம். சிங்கப்பூரில் புதிய வீவக வீடுகளில், கட்டடம் முடிந்து மூன்று ஆண்டுகள் வரை குளியலறை ஓடுகளை உடைக்க அனுமதியே இல்லை. நீர்க்காப்புப் பூச்சு கெடக்கூடாது என்பதற்காகத்தான். நம் நாட்டு அடுக்குமாடி வீடுகளில் மேலிருந்து கசிவு என்றால், 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா விதிமுறைகளின்படி நிர்வாகத்திடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள். ஏழு நாள்களுக்குள் அவர்கள் சோதிக்க வேண்டும். வேறு காரணம் நிறுவப்படும் வரை கசிவு மேல்வீட்டினுடையது என்றே கொள்ளப்படும். குத்தகையாளர் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். என்னால் கோர முடியவில்லை. ஒப்பந்தமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான் இருந்தது. நம்மவர்தானே என்று நம்பிவிட்டேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கழிப்பறைகளைப் புதுப்பிக்க நன்கொடை திரட்டுகிறோம். திறப்பு விழாவில் மின்ன வேண்டும் என்று மெருகேற்றிய ஓடுகளைத் தேர்ந்தெடுக்கிறோம். ஓய்வு மணி அடித்ததும் ஏழு வயதுப் பிள்ளைகள் அங்கே ஓடித்தான் போவார்கள். ஓடாதே என்று சுவரில் எழுதி வைப்பதைவிட, ஓடினாலும் விழாத தரையைப் போடுவது எளிது.

2013இல் எங்கள் கீழ்மாடிக் குளியலறைக்கு மண்ணிறத்தில், சொரசொரப்பான, 30 செண்டிமீட்டர் ஓடுகளைப் பதித்தோம். சுவரில் இரண்டு கைப்பிடிகள் பொருத்தினோம். அறையின் அளவு கரும்பலகைக் கணக்கில் இருந்த அதே அளவுதான். என் வீட்டை நினைத்துத்தானே அந்தக் கணக்கை எழுதினேன். தாயார் நடைச்சட்டத்தோடு வந்து, முன்புபோலவே ஒரு காலை மட்டும் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். 2015இல் அவர் மறையும் வரை அந்தத் தரையில் அவர் வழுக்கவில்லை.

அன்று 5 பெட்டி வாங்கினோம், 55 ஓடுகள். 48 பதித்ததுபோக ஒன்று வெட்டும்போது உடைந்தது. 2019இல் குழாய் வெடித்தபோது இரண்டை எடுத்தோம். மீதி நான்கும், சூளைத்தொகுதி எண் அச்சிட்ட பெட்டியோடு, மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன.